உன் அப்பாவிடம் மிஞ்சியிருந்த ஒரு சொல்

மகனே,

அம்மாதான் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. காலையில்தான் போனில் கேட்டேன், இருமிக்கொண்டே நலம் என்றாய். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, கோழி கிண்டிய காகிதத்தை யாரோ தபாலில் போட்டுவிட்டார்கள் என்று தூக்கிப் போட்டுவிடாதே. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன், இரண்டு பேருக்கும் நிம்மதி. அப்படிப்பட்டவள் போனை வைத்துக்கொண்டு எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்குக் கிண்டல் வந்துவிடுகிறது. நீயும் சிரித்துவிடுகிறாய். சொல்ல வந்தது அந்தச் சிரிப்புக்குள் எங்கேயோ விழுந்து காணாமல் போகிறது. காகிதம் சிரிக்காது. அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு நீ கேட்டாயே, அதற்குப் பதில்தான் இது. கல்யாணத்தன்று மேடையில் உன் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கட்டும், அப்பாவைக் கீழே முன்வரிசையில் ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடலாம் என்றாய். "அவருக்கும் கஷ்டம் கம்மிம்மா. அத்தினி பேரு பாக்கறாப்பல நிக்க வேணாம்" என்றாய். நான், "ஃபேனுக்கு நேரா நானே ஒக்காந்துக்கறன்டா, எனக்குத்தான் ஜாஸ்தி வேர்க்குது" என்று சொல்லிச் சிரித்தேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டாய் என்று நேற்றுத்தான் தெரிந்தது. சம்மதம் இல்லையடா. இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் இல்லை என்பது ஒரு வார்த்தையில் அடங்காது. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நீ முடிவு செய்ய வேண்டும்.

நம் வீட்டுப் பேச்சு எப்படி என்று உனக்கே தெரியும். உன் அப்பா வெள்ளிமலைக்கு வேன் ஓட்டினார், நாம் மூன்று பேரும் அந்த வேனுக்குள் குடியிருந்த மாதிரிதான் பேசினோம். சாப்பிட்டாயா என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, "டீசல் போட்டியா?" என்றுதான் கேட்டோம். உடம்பு அசந்தால் "ரிசர்வ்ல ஓடுது". நீ பரீட்சைக்குப் படிக்கச் சுணங்கினால் "மொதோ கியர்லயே மலை ஏறுவியாடா?" நான் கோபமாக அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினால் உன்னைக் கூப்பிட்டு, "உங்கம்மா புகை வுடுறா, கண்ணாடிய ஏத்திக்கோ" என்பார். நீ இரண்டு கையாலும் கண்ணாடி ஏற்றுகிற மாதிரி சுற்றுவாய். நான் கோபத்தை மறந்து சிரித்துவிடுவேன். அப்படித்தான் குடும்பம் நடந்தது. நல்லதையும் கெட்டதையும் டீசலில்தான் சொன்னோம்.

பிறகு நீ சென்னையில் அந்த வேலைக்குச் சேர்ந்தாய். முதல் தடவை லீவில் வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலை என்னவென்று விளக்கினாய். பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கிற பாடங்களில் பெட்ரோல், நிலக்கரி, கேஸ், நீராவி என்று வருகிற பேச்சுகளையெல்லாம் எடுத்துவிட்டு, வெயில், காற்று, விதை, தண்ணீர் என்று வருகிற பேச்சுகளை வைக்கிறீர்கள், இந்தப் புகையால்தான் மழை தப்பிப்போகிறது என்றாய். களைத்துப்போனவனை கேஸ் தீர்ந்தவன் என்பார்களாம். சீக்கிரம் போ என்பதற்கு கேஸை மிதி என்பார்களாம். உன் அப்பா, "கேஸ மெரிச்சா இன்னாடா ஆவும்? சிலிண்டர் உருண்டு உங்கம்மா கால் மேல வுழும்" என்றார். நீ விடவில்லை. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதையும் மாற்ற வேண்டும் என்றாய். நான் குறுக்கே புகுந்தேன். "நாம ஊத்தறது கெணறு தோண்டி எடுத்த எண்ணெ இல்லடா, கடலைய செக்குல ஆட்டின மல்லாட்ட எண்ணெ. அது இருந்துட்டுப் போவட்டும்" என்றேன். நீ சிரித்து, அதையும் குறித்துக்கொண்டாய். முழு வேகத்தில் இறங்குவதை இங்கிலீஷில் முழு நீராவி என்று சொல்வார்கள், அதற்கு என்ன வைக்கலாம் என்று என்னையே கேட்டாய். கோமுகி அணையில் மதகு திறந்தாப்பல என்றேன். அதை இங்கிலீஷாக்கி உன் பாடத்தில் போட்டுவிட்டாய். ஐந்தாவதோடு நின்றவள் சொன்னதை எங்கேயோ ஒரு பிள்ளை இங்கிலீஷில் படிக்கிறது என்று இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு கிடையாது.

உன் அப்பாவுக்குத்தான் அன்றைக்கு மனசு ஒப்பவில்லை. "பேச்ச மாத்தினா புகை நின்னுடுமா?" என்றார். "நாக்குல இருக்கற வரைக்கும் கையவுட்டுப் போவாதுப்பா" என்றாய் நீ. அப்போதுதான் அவர் ஒரு மலைக்காரப் பெண்ணின் கதையை எடுத்தார். பிரசவ வலியில் அவளை வேனில் ஏற்றிவிட்டார்கள், வண்டியிலோ கீழே வந்து சேர டீசல் இல்லை. அவர்கள் தண்ணீர் இறைக்கிற என்ஜினுக்கு வைத்திருந்ததை வீடு வீடாகச் சொம்பிலும் பாட்டிலிலும் கொண்டுவந்து ஊற்றினார்கள், வண்டி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தது. "அந்தப் புள்ள டீசல்லதான்டா பொறந்தது. அது கெட்ட வார்த்தையா?" என்றார். நீ கிழங்குத் தோலைப் பொறுக்கினாய். நீ தோற்றுவிட்டாய் என்று நான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

உனக்குத் தெரியாதது இதற்குப் பிறகு நடந்தது. நீ சென்னைக்குப் போன பிறகு, அதே பெண் ஒருநாள் வேனில் ஏறினாள். கையில் வெறும் கோணியை மடித்து வைத்திருந்தாளாம். சாமை மூட்டை எங்கே என்று உன் அப்பா கேட்டிருக்கிறார். "மழ வந்தாதான சாம வரும்ண்ணே? வர்றப்ப வர மாட்டங்குது, வேணான்றப்ப கொட்டித் தீக்குது. கூலி வேலைக்குப் போறன்" என்றாளாம்.  அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே என்னிடம், "பையன் சொன்னது சரிதான் போலக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள அந்த மனிதருக்குத் தெரியாது, நமக்கும் அதைக் கண்டுகொள்ளத் தெரியாது.

அன்றையிலிருந்து அவர் தன் பேச்சை மாற்றப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், இதில் கிண்டல் இல்லை. ஆள் அசந்தால் வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து வா என்று பாடத்தில் வைத்திருக்கிறோம் என்றாயே, அதை அவர் பிடித்துக்கொண்டார். டீசல் போட்டியா என்பதற்குப் பதிலாக "வெயில் குடிச்சியா?" என்று கேட்கப் பழகினார். வாய் வராது. "டீ" என்று தொடங்கி, நிறுத்தி, உதட்டில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, "வெயிலு" என்பார். "புதுப் பொண்டாட்டியக் கூப்புட வந்து பழைய பொண்டாட்டி பேர சொன்னாப்பல முழிக்கிறீங்களே" என்று நான் கேலி செய்தேன். வேனில் ஏறுகிறவர்களிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். "இன்னா டிரைவரண்ணே, மூளைக்கு வெயில் ஏறிடுச்சா?" என்று அவர்களும் ஓட்டினார்கள். இவர் விடவில்லை. வாயில் நன்றாகப் படிந்த பிறகுதான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்.

அப்படித்தான் ஒருநாள் மத்தியானம் உனக்குப் போன் போட்டார். ஒரு தடங்கலும் இல்லாமல், "இன்னாடா, வெயில் குடிச்சியா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நீ, "கிண்டல் பண்ணாதப்பா, மீட்டிங்ல இருக்கறன்" என்று வைத்துவிட்டாய். போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான சொன்னன்?" என்று என்னைக் கேட்டார். நான் அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, தோசை தீய்கிறது என்று உள்ளே போய்விட்டேன். உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் உன்னைக் கேலி பேசியே வளர்த்தோம். ஒருநாள் உன் அப்பா கேலி இல்லாமல் பேசினார் என்றால் உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே, பக்கத்தில் நின்றவளுக்கு.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் பக்கவாதம் வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து, எல்லாரையும் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, செருப்பு மாட்ட முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஏறின ஜனங்களுக்கு ஒன்றும் ஆகாமல் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அவருக்கு வந்தது என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். மூன்றாம் நாள் அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்ததே, "டீசலு" என்று, நாம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். பேச்சு வந்துவிட்டது என்று நினைத்தோம். வந்தது அது ஒன்றுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் டீசல், முதுகு அரித்தாலும் டீசல், வாசலில் ஆள் வந்தாலும் டீசல். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் நீ இல்லாதபோது நான் கேட்டேன், கடைசியாகப் பழகினாரே ஒரு வார்த்தை, அது வராதா என்று. "சில பேருக்கு இப்படித்தான்மா. வருஷக்கணக்கா யோசிக்காம சொல்லிச் சொல்லி ஊறினது அடியில தங்கிடும். யோசிச்சுக் கஷ்டப்பட்டுக் கத்துக்கினது மேலாப்பல நிக்கும், அதுதான் மொதல்ல போவும்" என்றாள். உனக்காகக் கற்றுக்கொண்டதுதான் முதலில் போயிருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. என் வாய்க்கு ஒன்றும் ஆகாமலேயே வரவில்லை.

வாய் வந்ததெல்லாம் வேறு வழியில் வந்தது. பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது பொறுக்காது. "வாங்க வாங்க, எங்க வூட்ல பங்க் தொறந்திருக்குது, இருவத்திநாலு மணி நேரமும்" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், அவரும் பாதி வாயால் சிரிப்பார். அவர் சிரித்தது உண்மை. அதனால் நான் செய்தது சரி என்று ஆகிவிடாது. அந்த வார்த்தையைக் கேட்டால் சிரிக்கலாம் என்று சொந்தபந்தம் முழுக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கூடவே இருந்தால் அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. தண்ணீருக்குக் கேட்கிற டீசல் வேறு, பயத்தில் சொல்கிற டீசல் வேறு. இழுப்பும் ஏற்ற இறக்கமும் அப்படியே மிஞ்சியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். உனக்கு அது தெரிவதற்கு நீ இங்கே இருந்திருக்க வேண்டும், உன்னால் முடியவில்லை. வரும்போதெல்லாம் படம் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாய். தண்ணி, சோறு, விளக்கு. கடைசியில் உன் போட்டோவைக் காட்டி, "யாருப்பா இது? சொல்லுப்பா, தம்பின்னு சொல்லு" என்றாய். அவர் உன் கன்னத்தைத் தொட்டு "டீசலு" என்றார். நீ எழுந்து பின்பக்கம் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாய். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைத்தாயா? நான் உன் அம்மாடா.

இப்போது நைனார்பாளையத்தில், பெண் வீட்டில் நடந்ததற்கு வருகிறேன். பரிசம் போடப் போகும்போது மாப்பிள்ளையின் அப்பாதான் தட்டை ஏந்தி, மூன்று தரம் சபையில் சொல்ல வேண்டும், "பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று. எழுதிக் காட்டினால் செல்லாது, வாய்விட்டுச் சொன்னால்தான் நம் ஜனத்தில் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அதனால் பெரியப்பா சொல்லட்டுமா என்று நீ முன்னமே என்னிடம் கேட்டாய். நான் சரி என்றேன். உன் அப்பாவிடம் சொல்லிவிடு என்றாய். அதற்கும் சரி என்றேன். சொல்லவில்லை. சொல்லலாம் என்று பக்கத்தில் போய் உட்காருவேன், அவர் என் கையைப் பிடித்து வேட்டிக் கரையைக் காட்டுவார், இஸ்திரி சரியாக இருக்கிறதா என்று. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அங்கே பெரியவர் ஒருவர், "மாப்ள வூட்டுக்காரங்க எழுந்து வாங்க" என்றதும் உன் பெரியப்பா எழுவதற்கு முன்னால் இவர் எழுந்துவிட்டார். ஊன்றிக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு போய், இடது கையைத் தட்டுக்கு அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். தேங்காய் உருளாமல் நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். அவர் வாயைத் திறந்து சொன்னார். "டீசலு டீசலு, டீசலு டீசலு."  இரண்டாவது தரமும் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். மூன்றாவது தரம் சொல்ல அவர் மூச்சு இழுத்தபோது நீ வந்தாய். "குடுப்பா, பெரியப்பா சொல்வாரு" என்று தட்டை வாங்கிக்கொண்டாய். நீ பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் வாங்கினாய், குழந்தை கையில் இருக்கிற கண்ணாடிச் சாமானை வாங்குகிற மாதிரி.  பெரியப்பா மூன்று தரமும் கணீரென்று சொன்னார், பெண் வீட்டார் பதில் சொன்னார்கள், காரியம் நல்லபடியாக முடிந்தது.

அதுவரை நீ தூரத்தில் நின்றிருந்தாய், அவர் எதிரில் நின்ற சம்பந்தியை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். உன் அப்பா இரண்டாவது தரம் சொல்லும்போதே சம்பந்தி தட்டை வாங்கக் கையை நீட்டிவிட்டார். நீ வந்ததும் மடக்கிக்கொண்டார். உன் அப்பா சொன்னது வெறும் டீசல் இல்லையடா. பரிசம் உங்களுக்கு என்று ஏறி, பொண்ணு எங்களுக்கு என்று இறங்குகிற அந்த இழுப்பு ஒரு இம்மி தப்பவில்லை. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது முழுசாக இருந்தது.

அன்றையிலிருந்து அவர் பேசுவதில்லை. களைப்பாக இருக்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் போனில், "பங்க் லீவுடா" என்று சொல்லி உன்னைச் சிரிக்க வைத்தேன். அந்த ஒரு வார்த்தையும் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைப் பார்க்கிறார், நான் கவனிக்காவிட்டால் பேசாமல் படுத்துக்கொள்கிறார். நேற்று நானே அவர் காதோரம் குனிந்து, "டீசல் போடட்டுமா?" என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பவும் வியாதி வந்திருக்குமோ என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் தனியாகப் பேசி, தனியாகச் சிரித்து, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது.

உன் வேலையைப் பற்றி நீ ஒருதரம் என்னிடம் சொன்னாய். "சும்மா எடுத்துடக் கூடாதும்மா, எடுத்த எடத்துல இன்னொண்ணு வெக்கணும். இல்லன்னா புள்ளைங்க பேசறதுக்கு வார்த்தை இல்லாம நிக்கும்." எனக்கு அது ரொம்பப் பிடித்தது. என் பிள்ளை எவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறான் என்று நினைத்தேன். உன் வேலையை விடாதே, அது நல்ல வேலை. அந்த மலைக்காரப் பெண்ணின் வெறும் கோணியைப் பார்த்த பிறகு உன் அப்பாவே உன் பக்கம் வந்துவிட்டார். ஆனால் அவரிடமிருந்து எடுத்த இடத்தில் நாம் எதையும் வைக்கவில்லை. நீ தட்டை எடுத்தாய், நான் அதற்கு முன்னால் அவர் சொல்லைக் கேலியாக்கி எடுத்தேன். கரி பிடித்த வார்த்தைதான், ஒத்துக்கொள்கிறேன். அவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதானே?

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒரு புத்தி சொல்கிறேன். உன் பெண்டாட்டியைக் கிண்டல் செய், அவள் உன்னைச் செய்யட்டும், சிரிப்பு இல்லாத வீட்டில் சோறு இறங்காது. ஆனால் நிஜமாகப் பேசும்போது நிஜம் என்று தெரிகிற மாதிரி ஏதாவது ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள், இல்லாவிட்டால் என் மாதிரி காகிதத்தில் எழுதுங்கள். நாங்கள் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. உன் அப்பாவுக்கு என்னிடம் நிஜமாகச் சொல்ல எத்தனை இருந்ததோ, அத்தனையையும் நான் சிரித்துத் தள்ளியிருப்பேன். இப்போது கேட்கிறேன் என்று உட்கார்ந்தால் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

மேடை விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தன்று அவர் என் பக்கத்தில், உன் பக்கம், மேடையில்தான் நிற்பார். பெரியப்பாவிடம் நீ சொல்ல வேண்டாம், நானே இன்றைக்குச் சொல்லிவிட்டேன். "ஏம்மா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே" என்றார். "நாலு பேருக்கும் எல போட்டுச் சோறு வெக்கிறோம்ல, பேசிட்டுப் போவட்டும் மாமா" என்றேன். இந்தத் தடவை அவர் வாய்விட்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அட்சதை போட வேண்டும், அவ்வளவுதான். வலது கை எழாது, இடது கையால்தான் போடுவார். மங்கள காரியத்தில் இடது கையா என்று உன் பெரியம்மா ஆரம்பிப்பாள். யாராவது அவர் மணிக்கட்டைப் பிடித்து, அரிசியைத் தங்கள் கையில் வாங்கிப் போட வருவார்கள். நல்ல எண்ணத்தில்தான் வருவார்கள். விடாதே. அந்தக் கை மட்டும்தான் இப்போது அவர் சொல்வதைக் கேட்கிறது.

அவர் இடுப்பை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ அவரைவிட உயரம், எட்டிப் போடப் போனால் அவர் சாய்ந்துவிடுவார். அதனால் நீ நன்றாகக் குனிய வேண்டும். விரல் பிரிந்து அரிசி விழக் கொஞ்ச நேரம் ஆகும். ஐயர் அவசரப்படுத்துவார், போட்டோக்காரர் நிமிரச் சொல்வார், மேளம் முடிந்துவிடும். உன் தலையில் அது விழுகிற வரைக்கும் நிமிராதே.

உன் அம்மா